தண்ணீர் சுமந்தவர்

கால்பந்தாட்டம் காண்போரில் பெரும்பாலோரின் கண் பந்தின் பின்னாலேயே ஓடும். பந்தை வலைக்குள் அடித்தவரே நமக்கு வீரர். அப்பந்து அவர் காலுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்று கேட்போர் மிகச் சிலரே. எதிரியிடமிருந்து பந்தைப் பறித்து, அருகில் நிற்கும் திறமைசாலியிடம் உடனே தள்ளிவிட்டு, மீண்டும் தம் இடத்திற்கு வந்து காவல் நிற்கும் ஒருவர் ஒவ்வோர் அணியிலும் உண்டு. நடுக்களத்தின் பின்பகுதியே அவர் இருப்பிடம். கைதட்டல் அவருக்குக் கிடைப்பதில்லை. நம் கல்லூரித் திடலில் அணி பிரிக்கும்போதும் எல்லாரும் முன்களத்தையே கேட்பர். இந்த இடத்தைக் கேட்டு வாங்கியவரை நான் கண்டதில்லை! அத்தகைய இடத்தில் நின்ற ஒருவர் உலகக் கோப்பையை ஆட்டக்காரராக ஒரு முறையும், பயிற்சியாளராக மறுமுறையும் வென்றார். அவரே பிரான்சு நாட்டின் டிடியே டெஷாம்.

1968ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், பிரான்சின் தென்மேற்கு மூலையிலுள்ள பயோன் நகரில் பிறந்தவர். 1983-இல் நாந்த் சங்கத்தின் பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் அச்சங்கத்தின் முதல் அணியில் ஆடலானார். 1989-இல் மார்செய் சங்கம் அவரை அழைத்துக்கொண்டது. 1993 மே மாதம் மியூனிக் நகரில் நடந்த ஐரோப்பிய சாம்பியன் சங்கங்களின் இறுதி ஆட்டத்தில் மார்செய், இத்தாலியின் ஏ.சி. மிலான் அணியை 1–0 என வென்றது. பிரெஞ்சுச் சங்கம் ஒன்று அக்கோப்பையைப் பெற்றது அதுவே முதல் முறை. அணித் தலைவராகக் கோப்பையைத் தூக்கிய டெஷாமுக்கு வயது 24.

அதே ஆண்டு நவம்பரில் பேரிடி விழுந்தது. அடுத்த ஆண்டின் உலகக் கோப்பைக்குத் தகுதி பெறப் பிரான்சுக்கு ஒரு சமநிலை போதும். பாரிஸ் நகரில் பல்கேரியாவுடன் ஆட்டம் 1–1 என நின்றது. கடைசி நிமிடத்தில் கோஸ்தாதினோவ் என்ற பல்கேரியர் ஒரு கோல் அடித்தார், பிரான்சு வெளியேறியது. அன்று களத்தில் நின்றவர்களுள் டெஷாமும் ஒருவர், எரிக் கண்டோனாவும் ஒருவர்.

இவ்விருவரையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புதிய பயிற்சியாளர் ஏமே ஜாக்கே, அணியைத் திருத்தி அமைத்தபோது கண்டோனாவுக்கு அதில் இடமில்லாது போயிற்று. தலைமை டெஷாமுக்கு வந்தது. 1996-இல் கண்டோனா அவரைத் ‘தண்ணீர் சுமப்பவர்’ என்று எள்ளினார். அத்தகையோர் எத்தெருமுனையிலும் கிடைப்பர் என்றும் சொன்னார். இச்சொல் மிதிவண்டிப் பந்தயத்திலிருந்து வந்தது. பிரான்சைச் சுற்றிவரும் நெடும்பந்தயத்தில், அணியின் முதல்வருக்காகத் தண்ணீர்ப் புட்டிகளை வாங்கிவந்து கொடுப்பதே சில வீரர்களின் வேலை. பரிசு முதல்வருக்கு, தாகம் தீர்த்தவர் பெயர் எவருக்கும் தெரியாது.

கண்டோனா சொன்னது பொய்யன்று. பிரான்சுக்காக டெஷாம் ஆடிய 103 ஆட்டங்களில் அவர் அடித்த கோல்கள் நான்கு மட்டுமே. ஆயின், அவ்வேலை எளிதா? ஆக்கத்திறன் மிக்க ஜினெடின் ஜிடானைப் போன்ற ஒருவர் கவலையின்றி முன்னேற வேண்டுமானால், அவர் விட்டுச்சென்ற வெளியை வேறொருவர் நிரப்ப வேண்டும். எதிரி எங்கே பந்தை அனுப்புவான் என்று முன்னறிந்து அங்கே போய் நிற்க வேண்டும். அதற்குக் களம் முழுவதையும் ஒரே பார்வையில் காணும் கண் தேவை. இத்தாலியின் அஞ்செலோட்டி, ஸ்பெயினின் குவார்டியோலா எனப் புகழ்பெற்ற பயிற்சியாளர் பலர் நடுக்களத்திலிருந்தே வந்தது தற்செயல் அன்று என்பது என் கருத்து. காலால் ஆடும்போதே அவர்கள் பாதிப் பயிற்சியாளர்கள்.

1998 ஜூலை 12 அன்று பாரிஸ் நகரை அடுத்த அரங்கில் பிரான்சு, பிரேசிலை 3–0 என வென்றது. ஜிடான் தலையால் முட்டி இரண்டு கோல் போட்டார். உலகம் அவர் பெயரையே முழங்கியது. கோப்பையைத் தூக்கியவர் தண்ணீர் சுமந்தவர்! 2000-இல் ஐரோப்பியக் கோப்பையும் அவர் தலைமையில் வந்தது.

2001-இல் ஆட்டத்தை விட்டார். உடனே மொனாக்கோ சங்கத்தின் பயிற்சியாளரானார். 2004-இல் அச்சிறிய சங்கம், ரியல் மாட்ரிட், செல்சி ஆகிய பெருஞ்சங்கங்களை வீழ்த்தி ஐரோப்பிய இறுதி ஆட்டத்தை அடைந்து, போர்ட்டோவிடம் தோற்றது. 2006-இல் இத்தாலியின் யுவென்டஸ், நடுவர் நியமன ஊழலால் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டு நின்றபோது அதன் பொறுப்பை ஏற்றார். தாம் முன்பு ஐந்தாண்டுகள் ஆடிய சங்கம் அது. 9 புள்ளிகள் கழிக்கப்பட்ட நிலையிலும் அவ்வணி முதலிடம் பெற்று மேற்பிரிவுக்கு மீண்டது. 2010-இல் மார்செய்க்கு 18 ஆண்டுகளுக்குப் பின் பிரெஞ்சுப் பட்டத்தைப் பெற்றுத் தந்தார். 2012-இல் தேசிய அணி அவர் கைக்கு வந்தது. 2016 ஐரோப்பியக் கோப்பையின் இறுதியில், சொந்த மண்ணிலேயே, போர்ச்சுகலிடம் 1–0 எனத் தோற்றதும் அவர் அணிதான்.

2018 உலகக் கோப்பையில் அவர் அமைத்த அணியை உற்று நோக்கினால் பழைய டெஷாமைக் காணலாம். தாம் முன்பு நின்ற இடத்தில் சற்றும் ஓயாத காண்ட்டேயை நிறுத்தினார். இடப்புற ஓரத்தில், வேகமான ஓர ஆட்டக்காரரை விடுத்து, நடுக்களத்தவரான மட்டுய்தியை வைத்தார். நடு முன்களத்தில் நின்ற ஜிரூ அப்போட்டி முழுவதிலும் கோலை நோக்கி ஓர் அடிகூடச் சரியாக அடிக்கவில்லை, எனினும் நீக்கப்படவில்லை. காரணம், எதிரணித் தடுப்பாளர்களைத் தம் உடலால் தாங்கிப் பிடித்து, கிரீஸ்மானுக்கும் எம்பாப்பேவுக்கும் அவர் வெளி உண்டாக்கினார். முன்களத்திலேயே ஒருவரைத் தண்ணீர் சுமக்க வைத்தார் டெஷாம்!

அழகான ஆட்டமா அது? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பின்வாங்கி நின்று, சமயம் பார்த்துப் பாயும் ஆட்டம் அது. அரையிறுதியில் தோற்ற பெல்ஜியத்தின் காவலர் குர்த்துவா இதை வெளிப்படையாகவே குறைகூறினார். மாஸ்கோவில் நடந்த இறுதி ஆட்டத்திலும் பந்து பெரும்பொழுது குரோவேசியர் வசமே இருந்தது. கோல்களோ 4–2 எனப் பிரான்சுக்கு. அன்று காண்ட்டே சோபிக்காதது கண்டு, 55ஆம் நிமிடத்திலேயே அவரை வெளியே அழைத்துவிட்டார். தம் வார்ப்பைப் போன்றவரிடமும் தாட்சணியம் காட்டவில்லை. ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் உலகக் கோப்பையை அவருக்கு முன் வென்றவர்கள் இருவரே: பிரேசிலின் சகாலோ, ஜெர்மனியின் பெக்கன்பவர்.

2022 டிசம்பர் 18, கத்தார். அர்ஜென்டினாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் பிரான்சு 2–0 எனப் பின்தங்கியது. அப்போட்டியின்போதுதான் பிரான்சுக்கு அதிகக் கோல் அடித்தவர் என்ற சாதனையை எட்டியிருந்தார் ஜிரூ. அவரை இடைவேளை வரைகூட டெஷாம் விட்டுவைக்கவில்லை. 41ஆம் நிமிடத்தில் அவரையும் டெம்பெலேயையும் ஒருங்கே நீக்கினார். உள்ளே வந்த இருவரில் ஒருவர் கோலோ முவானி. மற்றவர் மார்க்கஸ் துராம், 1998-இல் டெஷாமுடன் ஆடிய லிலியான் துராமின் மகன். முதலாமவர் ஒரு பெனால்ட்டியைப் பெற்றுத் தந்தார். இரண்டாமவர் தூக்கிக் கொடுத்த பந்தை எம்பாப்பே அந்தரத்திலேயே அடித்தார். 80, 81ஆம் நிமிடங்களில் இரண்டு கோல்கள்! ஆட்டம் 3–3 வரை சென்று, பெனால்ட்டி அடிகளில் 4–2 எனப் பிரான்சு தோற்றது.

2026 உலகக் கோப்பையோடு தேசிய அணிப் பொறுப்பிலிருந்து விலகப் போவதாக 2025 ஜனவரியில் டெஷாம் அறிவித்தார்.