கடல் கடக்கும் இரண்டு தாள்கள்

வாணி விழா நிறைவெய்திய மறுநாள் மாலை. புசல்லாவை மலைகளை மழைமூட்டம் போர்த்தி நின்ற வேளையில், எம்மிடம் முன்னர் பயின்ற மாணவி ஒருத்தி இல்லம் தேடி வந்தாள். பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பட்டதாரி. பிறந்த தோட்டத்துப் பாடசாலையிலேயே நான்கு ஆண்டுகளாகச் சொற்ப ஊதியத்தில் தொண்டராசிரியையாக ஆங்கிலம் கற்பிப்பவள். தந்தையின் மருத்துவச் செலவும் தம்பியின் படிப்பும் அவள் தோள்மீது. மாலைதீவில் ஆங்கில ஆசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்க வேண்டும், சுயவிபரக் கோவையைப் பார்த்துத் தாருங்கள் என்றாள். அதற்கு முன் பதினோரு இடங்களுக்கு அனுப்பியும் ஓரிடத்திலிருந்தேனும் பதில் வரவில்லையாம்.

வாங்கிப் பார்த்தோம். ஐந்து பக்கங்கள்! முதற்பக்கம் முழுவதும் வாழ்க்கை இலட்சியம். அடுத்து, பாடசாலை நாளில் ஓடிப் பெற்ற பரிசுகள். 'ஆங்கிலம்: தாய்மொழிக்கு நிகர்' என்றொரு வரி. அவள் கற்பித்த நான்கு ஆண்டுகளோ, பாடசாலையின் பெயருமின்றி, நான்காம் பக்கத்தின் அடியில் ஒளிந்திருந்தன. முகவரியும் கண்டி நகரத்து உறவினருடையது.

"மகள், இதில் நீ எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டோம்.

"லயத்துப் பிள்ளை என்று தெரிந்தால் எனக்கு இங்கிலீஷ் வராது என்று நினைத்துவிடுவார்கள், சேர்" என்றாள்.

அவ்விடை எம்மைச் சுட்டது. 1883ஆம் ஆண்டு தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலத்திலே, தோட்டத்துத் தேயிலைப் பொதிகள் தத்தம் தோட்டத்தின் பெயரைத் தாங்கியே விலைக்கு வருகின்றன. கொழுந்துக்குப் பெருமை தரும் ஊர்ப்பெயர், கொழுந்து பறித்தவளின் மகளுக்கு மட்டும் இழுக்காகுமோ?

வாசக அன்பர்களே! வெளிநாட்டு ஆசிரியப் பணியை நாடும் பிள்ளைகள் பலர் இவ்வாறே தம் பலத்தை மறைத்து, பலவீனத்தை முன்னிறுத்துகின்றனர். சுயவிபரக் கோவை வாழ்க்கை வரலாறு அன்று. விளம்பரத்தில் கேட்கப்பட்ட வினாவுக்கு உரிய விடை அது. வகுப்பு எது, பாடத்திட்டம் எது, வேண்டப்படும் தகுதி எது என்பவற்றை முதலில் விளம்பரத்தில் அடிக்கோடிட வேண்டும். அவற்றுக்கு உரிய உண்மைகளை முதற்பக்கத்தின் மேற்பாதியில் வைத்தல் வேண்டும். இரண்டு பக்கங்கள் போதும். பன்னிரண்டு இடங்களுக்கு விண்ணப்பித்தால் பன்னிரண்டு முறை திருத்துதல் அவசியம். சட்டையை ஆளுக்கேற்ப அளவெடுத்துத் தைக்கலாம். ஆனால் துணி நம்முடையதாக இருத்தல் வேண்டும்.

மாலைதீவில் 1960களிலேயே ஆங்கில மொழிமூலக் கல்வி வேரூன்றத் தொடங்கிற்று. இலங்கையரும் இந்தியரும் அங்கு நெடுங்காலமாகக் கற்பித்து வருகின்றனர். 1970களிலும் 1980களிலும் நைஜீரியாவுக்குச் சென்ற எம் நாட்டு ஆசிரியரும் பலர். அவர்கள் எவரும் ஆங்கிலத்தைத் தாய்மொழி என்று கூறிச் செல்லவில்லை. அதனைக் கற்றுக் கற்பித்தோர் என்ற தகுதியே அவர்களைக் கொண்டு சென்றது. வேற்றுமொழிப் பிள்ளை எவ்விடத்தில் இடறுவான் என்பதைத் தானும் இடறி எழுந்தவரே நன்கு அறிவார். தென்கொரியா போன்ற சில நாடுகளின் மொழிப் பயிற்றுநர் விசா பெரும்பாலும் ஆங்கிலம் தாய்மொழியாக வழங்கும் நாட்டினருக்கே உரியது. அத்தகைய வாயில்களில் காத்திருந்து மனம் வாடுவதிற் பயனில்லை.

அன்றிரவு மேசை விளக்கின் கீழ்ப் புதிதாக எழுத அமர்ந்தோம். "எத்தனை பிள்ளைகளுக்குக் கற்பித்தாய்? நீ சென்றபின் என்ன மாறிற்று?" என்று வினவினோம். விரல்விட்டு எண்ணினாள். முதலாண்டில் சாதாரண தரத்தில் ஆங்கிலத்தில் சித்தியெய்தியோர் இருவர். சென்ற முறை ஒன்பதின்மர். இதுவன்றோ முதற்பக்கத்தில் நிற்க வேண்டிய செய்தி! பாடசாலையின் பெயரும் தோட்டத்து முகவரியும் மேலே ஏறின. 'தாய்மொழிக்கு நிகர்' என்ற வரி நீங்கிற்று.

பெயரிலும் ஒரு சிக்கல் இருந்தது. சான்றிதழில் தந்தையின் முதலெழுத்து மட்டும், கடவுச்சீட்டிலோ முழுப்பெயர். இவ்வேறுபாட்டால் விண்ணப்பம் தடைப்படுவதுண்டு. ஆதலின் எல்லாத் தாளிலும் கடவுச்சீட்டின்படியே பெயரை எழுதுதல் நன்று. புகைப்படமும் வயதும் சில நாடுகளில் கேட்கப்படும். பிரித்தானியா போன்ற நாடுகளில் அவற்றைச் சேர்க்காதிருப்பதே வழக்கம். நற்சான்று தருவோரிடம் முன்கூட்டியே இசைவு பெறுதலும் பண்பாகும்.

பயிற்சிச் சான்றிதழ் விடயத்திலும் விழிப்பு வேண்டும். கேம்பிரிட்ஜின் செல்டா பயிற்சி சுமார் 120 மணி நேரம் கொண்டது. அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்முன் கற்பித்துக் காட்ட வேண்டும். வகுப்பறையையே காணாமல் இணையத்தில் வாங்கும் தாள் அதற்கு ஈடாகாது. முகவருக்குப் பணம் கொடுக்குமுன், 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அவரது அனுமதிப்பத்திரம் செல்லுபடியாகிறதா என விசாரித்தல் இன்றியமையாதது.

புறப்படும்போது அவள் தயங்கினாள். "நான் போய்விட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு யார் சேர்?" என்றாள். எம்மிடம் விடை இல்லை. ஏனெனில் அவ்வினா அவளை நோக்கியதன்று. நான்கு ஆண்டுகள் அவளைத் தொண்டராகவே வைத்திருந்த நம் எல்லோரையும் நோக்கியது.

இரு வாரங்களின் பின் நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்ததாகத் தொலைபேசியில் கூறினாள். முடிவு இன்னும் தெரியவில்லை. ஆனால் முதலில் அவளிடம் கேட்கப்பட்டது அவளது தோட்டத்துப் பாடசாலையைப் பற்றியதாம். ஒரு மணி நேரம் தயங்காமற் பேசினாளாம்.