கொலன்னாவையின் இரண்டு ஏக்கர்

மணிக்கயிறு – 9

2017 ஏப்ரல் 14. அந்த ஆண்டு சித்திரைப் புத்தாண்டும் பெரிய வெள்ளியும் ஒரே நாளில் வந்திருந்தன. கொழும்பில் கடைகள் பூட்டு, தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. பிற்பகலில், கொலன்னாவை மீதொட்டமுல்லையில் இருந்த குப்பை மலை சரிந்து பக்கத்து வீடுகளின் மேல் விழுந்தது. 32 பேர் இறந்துபோனார்கள். நூற்றுக்கும் அதிகமான வீடுகள் நொறுங்கியும் சேதமடைந்தும் போயின. வேறு நாளாக இருந்திருந்தால் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போயிருக்கக்கூடியவர்கள், நல்ல நாள் என்பதால் வீட்டில் இருந்தார்கள்.

நீதிபதிகளின் அதிகாரத்தைப் பற்றிய தொடரில் குப்பை மலைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அந்த மலைக்குப் போகும் பாதை புதுக்கடை நீதிமன்ற வளாகத்தினூடாகத்தான் போகிறது. இந்த வாரம் அந்தப் பாதையில் நடந்து பார்ப்போம்.

புளூமெண்டலிலிருந்து மீதொட்டமுல்லைக்கு

கொட்டாஞ்சேனைக்காரருக்குப் புளூமெண்டல் வீதியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கொழும்பு மாநகரத்தின் குப்பை நெடுங்காலம் அங்கேதான் குவிந்தது. குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு மலை. நாற்றம், ஈ, மழைக்காலத்தில் வழிந்தோடும் கறுப்புத் தண்ணீர். அந்த மலையைப் பற்றிய வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2009 இல் நீதிமன்றம் புளூமெண்டலில் கொட்டுவதை நிறுத்தும் வழியைத் தேடியது. மாநகர சபைக்கு மாற்றிடம் வேண்டும். மீதொட்டமுல்லையில் பொத்துவில் கும்புர என்ற தாழ்நிலத்தில் ஏறத்தாழ இரண்டு ஏக்கரில், தற்காலிகமாக, கொட்டிக்கொள்ள அனுமதி கிடைத்தது.

இரண்டு ஏக்கர். தற்காலிகம். இந்த இரண்டு சொற்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பிலிருந்து நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான தொன் குப்பை அங்கே போனது. தற்காலிகம் எட்டு வருடமாக நீண்டது. இரண்டு ஏக்கர் ஏறத்தாழ இருபது ஏக்கரானது. குப்பை பல மாடிக் கட்டிடங்களின் உயரத்துக்கு எழும்பியது. நிலமோ சதுப்பு; களனி கங்கை பெருகினால் 2016 மே மாதத்தில் போல் கொலன்னாவை முழுவதும் தண்ணீரில் நிற்கும். அடியில் நெகிழ்ந்த மண், மேலே இறுகாத பாரம். சுற்றியிருந்தவர்களுக்கு இதை விளக்க எந்தப் பொறியியலாளரும் தேவைப்படவில்லை. சுவர்கள் வெடிப்பதைக் கண்டார்கள். வீதிக்கு இறங்கிக் குப்பை லொறிகளை மறித்தார்கள், மனுக் கொடுத்தார்கள், ஆர்ப்பாட்டம் செய்தார்கள். லொறிகள் வந்துகொண்டுதான் இருந்தன.

நீதிமன்றம் மலையைக் கட்டச் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் விடுவது அநியாயம். சிறிய நிலத்தில், சிறிது காலம் என்றுதான் அனுமதி கொடுத்தது. அந்த எல்லையை மீறியது நிர்வாகம். ஆனால் எல்லை வகுத்தவர் அது காக்கப்படுகிறதா என்று திரும்பிப் பார்க்க வேண்டாமா? வயலுக்கு வரம்பு போட்டவன் மழை பெய்த இரவில் வரம்பைப் பார்க்கப் போவான். ஒரு கட்டளை எழுதப்பட்ட நாளோடு நீதிபதியின் பொறுப்பு தீர்ந்துவிடுகிறதா என்ற கேள்வியை மீதொட்டமுல்லை நம் முன்னால் வைத்திருக்கிறது.

கொழும்பின் வாக்கு, கொலன்னாவையின் வீடு

இங்கே மக்களாட்சியின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். குப்பை கொழும்பு மாநகர சபையுடையது. அந்தச் சபையைத் தேர்ந்தெடுப்பவர்கள் கொழும்பு வாக்காளர்கள்: வெள்ளவத்தையில் இருப்பவர்கள், கொட்டாஞ்சேனையில் இருப்பவர்கள், நாம். கொலன்னாவை தனி நகர சபை. மீதொட்டமுல்லைக்காரருக்குக் கொழும்பு மேயரைத் தெரிவுசெய்ய வாக்கில்லை, இறக்கவும் வாக்கில்லை. தங்கள் தலைக்கு மேலே வளர்ந்த மலையைக் கொண்டுவந்து கொட்டியவர்களிடம் அடுத்த தேர்தலில் கணக்குக் கேட்க அவர்களுக்கு வழியே இருக்கவில்லை.

தேர்தலைத் தவிர வேறு எதற்கும் மக்களாட்சியில் இடமில்லை என்போர் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? ஒரு சபை முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கலாம், பெரும்பான்மையும் இருக்கலாம். ஆனால் அதன் தீர்மானத்தின் பாரம், அதற்கு வாக்களிக்காத, வாக்களிக்க முடியாத மனிதர்களின் கூரை மேல் விழலாம். அத்தகையவர்களுக்கு எஞ்சியிருப்பது நீதிமன்றம் ஒன்றுதான்.

இந்தத் தொடரின் முதல் வாரத்தில் எல்லாளனின் மணியைப் பற்றி எழுதினேன். தேர்ச் சில்லில் கன்றைப் பறிகொடுத்த பசு வந்து மணிக்கயிற்றை இழுத்ததாக மகாவம்சம் சொல்கிறது. அதே கதை திருவாரூரில் மனுநீதிச் சோழன் பெயரில் வாழ்கிறது. அந்தக் கதையில் மணியை இழுக்க ஏன் ஒரு பசு வந்தது? அமைச்சரோ வணிகரோ படைத்தலைவரோ ஏன் வரவில்லை? அவர்களுக்கு அரசனிடம் போக வேறு வழிகள் உண்டு. சபையில் பேச நாக்கில்லாத உயிருக்காகத்தான் மணி கட்டப்பட்டது. நீதிமன்றத்தின் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று என்னைக் கேட்டால் நான் அந்தக் கயிற்றைத்தான் காட்டுவேன். வாக்குப் பெட்டியில் எண்ணப்படாதவரின் குரலைக் கேட்பதற்காக மக்கள் கட்டிவைத்த இடம் அது. கேட்பதை நிறுத்தினால் அந்த அதிகாரத்துக்கு அடிமானம் இல்லை.

மக்களுடைய அதிகாரம்

நமது 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு இதைத் தெளிவாகவே சொல்கிறது. மூன்றாம் உறுப்புரையின்படி இறைமை மக்களுக்குரியது; ஆட்சி அதிகாரங்களும் அடிப்படை உரிமைகளும் வாக்குரிமையும் அதற்குள் அடங்கும். நான்காம் உறுப்புரை அந்த அதிகாரங்கள் யார் கையால் செலுத்தப்படும் என்று பிரித்துச் சொல்கிறது. மக்களின் நீதி அதிகாரம் நாடாளுமன்றத்தால் நீதிமன்றங்கள் ஊடாகச் செலுத்தப்படும். இந்த வாசகத்தைப் பிடித்துக்கொண்டு, நீதிமன்றம் நாடாளுமன்றத்தின் கிளைதானே என்று வாதிட்டவர்கள் உண்டு. 2013 ஜனவரியில் பிரதம நீதியரசர் சிராணி பண்டாரநாயக்கவைப் பதவி நீக்கும் பிரேரணை 155 வாக்குகளால் நிறைவேறியபோது அந்த வாதம் உரத்து ஒலித்தது. ஆனால் வாசகத்தின் முதற்சொல்லைப் பாருங்கள்: மக்களின். நாடாளுமன்றமும் நீதிமன்றமும் இரண்டுமே கைகள். உடமை மக்களுடையது. இரவல் வாங்கிய பொருளுக்கு இருவரும் கணக்குச் சொல்ல வேண்டும்.

2018 இல் இந்தக் கேள்வி அதன் கூர்மையான வடிவில் எழுந்தது. அந்த நவம்பரில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நாடாளுமன்றத்தைக் கலைத்துத் தேர்தலை அறிவித்தார். இராஜவரோதயம் சம்பந்தன் முதலானோர் உயர் நீதிமன்றம் போனார்கள். தேர்தல் என்பது மக்களிடம் போவது, அதை நீதிபதிகள் தடுக்கலாமா என்று எதிர்த்தரப்பு கேட்டது. எடுத்தவுடன் மறுக்க முடியாத கேள்விதான். டிசம்பர் 13 இல் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகக் கலைப்பு செல்லாது என்றார்கள். நாலரை வருடம் முடிவதற்கு முன் கலைக்க மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களின் வேண்டுகோள் வேண்டும் என்று 19 ஆவது திருத்தம் சொன்னது. அந்தத் திருத்தத்தை நிறைவேற்றியதும் மக்கள் தேர்ந்தெடுத்த சபைதான். நீதிமன்றம் மக்களின் ஒரு தீர்மானத்தைக் காப்பதற்காக, மக்களின் பெயரால் பேசிய ஒருவரைத் தடுத்தது.

கொழும்புத் தமிழருக்கு இதைவிட நெருக்கமான நினைவு ஒன்று உண்டு. 2007 ஜூன் 7, விடியும் முன்னே. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் எழுப்பி பஸ்களில் ஏற்றினார்கள். 376 பேர். வைத்தியத்துக்கு வந்தவர்கள், வெளிநாடு போகக் காத்திருந்தவர்கள், வேலை தேடியவர்கள். பெரும்பாலான பஸ்கள் வவுனியாவுக்குப் போயின. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டது. மறுநாளே, ஜூன் 8 இல், வெளியேற்றத்தை நிறுத்தி இடைக்காலக் கட்டளை வந்தது. சில நாளில் பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். அந்த லொட்ஜுகளில் இருந்தவர்கள் எந்தத் தொகுதியிலும் பெரும்பான்மை ஆகப் போவதில்லை. கயிறு எட்டியதால் மணி அடித்தது. அவ்வளவுதான்.

அதே நீதிமன்றம்தான் அதற்கு எட்டு மாதம் முன்பு, 2006 ஒக்டோபர் 16 இல், வடக்கு கிழக்கு இணைப்பைச் செல்லாது என்று தீர்த்தது என்பதையும் நான் மறக்கவில்லை. நீதிமன்றத்தை நம்புவது என்றால் அதன் எல்லாத் தீர்ப்பையும் ஏற்றுக்கொள்வது என்று பொருளில்லை. எவரைக் கேட்டது, எவரைக் கேட்காமல் விட்டது என்று ஒவ்வொரு முறையும் விசாரிப்பதுதான் குடிமகனின் நம்பிக்கை.

யாரைக் கேட்டார்கள்?

அந்தக் கேள்வியோடு மீதொட்டமுல்லைக்குத் திரும்புவோம். 2009 வழக்கின் பொருள் புளூமெண்டல். துன்பம் சொல்லப்பட்டது புளூமெண்டலின் துன்பம். மீதொட்டமுல்லை அந்த வழக்குக்குள் ஒரு தீர்வாகத்தான் நுழைந்தது. ஓரிடத்தின் நோய் இன்னோரிடத்துக்கு மாற்றப்பட்டது. எந்த நீதிபதிக்கும் இது நேரலாம்: முன்னால் நிற்பவரின் கண்ணீர் தெரியும், கட்டளை போய் விழும் இடத்தில் இருப்பவரின் முகம் தெரியாது.

அவர்கள் பிறகு கயிற்றை இழுத்திருக்கலாமே என்று கேட்கலாம். அடிப்படை உரிமை மீறல் மனுவை 126 ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள், நேரே உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். கைது என்றால் நாள் தெரியும். வெளியேற்றம் என்றால் நாள் தெரியும். குப்பை மலைக்கு எந்த நாள்? லொறி தினமும் வருகிறது, மலை தினமும் ஒரு விரற்கடை வளர்கிறது. தொடரும் மீறல் என்று சட்டத்தில் ஒரு வாதம் உண்டு. ஆனால் அதை எடுத்துச் சொல்ல ஒரு சட்டத்தரணி வேண்டும், அவருக்குக் காசு வேண்டும். கொலன்னாவையிலிருந்து புதுக்கடை சில கிலோமீற்றர் தூரம்தான். கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு அது வவுனியாவைவிடத் தூரம்.

வேறு நாடுகளில் நீதிபதிகள் இந்தக் குறையைச் சந்தித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் பாலாறு நஞ்சானபோது, வேலூர் குடிமக்கள் அமைப்பின் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996 இல் தீர்ப்பளித்தது. தீர்ப்போடு கோப்பை மூடிவிடவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு ஒன்றை அமைத்து, கட்டளை நிறைவேறுகிறதா என்று பார்க்கும் வேலையை அதனிடம் ஒப்படைத்தது. தென்னாபிரிக்காவில், ஜொஹன்னஸ்பேர்க் மாநகரம் பாதுகாப்பற்ற இரண்டு கட்டிடங்களிலிருந்து நானூறுக்கும் மேற்பட்ட ஏழைகளை வெளியேற்ற முயன்றபோது, அரசியலமைப்பு நீதிமன்றம் முதலில் இரு தரப்பையும் உட்கார்ந்து பேசச் சொன்னது. 2008 இல் வந்த தீர்ப்பில் அதை ஒரு கடமையாகவே வகுத்தது: வீட்டை இழக்கப் போகிறவரோடு பேசாமல் வெளியேற்றாதே.

இந்த இரண்டிலும் நீதிமன்றத்தின் அதிகாரம் குறையவில்லை, அதற்கு வேர் பிடித்தது. இங்கேயும் செய்யக்கூடியவை இவை. ஓரிடத்தின் பாரத்தை வேறிடத்துக்கு மாற்றும் எந்தக் கட்டளைக்கும் முன்பு அந்த இடத்து மக்களுக்கு அறிவித்தல் போக வேண்டும், சிங்களத்திலும் தமிழிலும். தற்காலிகம் என்று எழுதினால் முடியும் திகதியும் எழுதப்பட வேண்டும். அந்தத் திகதியில் வழக்கு தானாகவே மீண்டும் அழைக்கப்பட வேண்டும். 2009 கட்டளை அப்படி ஒவ்வோர் ஆண்டும் மேசைக்குத் திரும்பி வந்திருந்தால், இரண்டு ஏக்கர் மூன்றான அன்றே யாராவது ஒருவர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

மலை சரிந்த பின் என்ன நடந்தது? ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைக் கொண்டு விசாரணை ஆணைக்குழு வந்தது. அதைவிட விரைவாக இன்னொன்று வந்தது. சரிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. குப்பை அகற்றல் அத்தியாவசிய சேவை என்று வர்த்தமானி வெளியானது. அதை மறிப்பது குற்றம். எட்டு வருடம் லொறியை மறித்து எச்சரித்தவர்களின் வாயை, அவர்கள் சொன்னது உண்மையென்று நிரூபணமான அதே வாரத்தில் சட்டம் அடைத்தது.

குப்பைக்கு அடுத்த இடமாகப் புத்தளத்தின் அருவக்காடு குறிக்கப்பட்டது. 2018 இலும் 2019 இலும் புத்தளம் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்களுக்கும் கொழும்பு மாநகர சபையில் வாக்கில்லை. நாளைக் காலை நம் வாசலில் குப்பை வண்டி வந்து நிற்கும். பையைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துவதற்கு முன், அது போய் விழும் ஊரில் கயிறு யாருக்கு எட்டுகிறது என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

(அடுத்த வாரம்: புத்தளம்)