தலை ஒன்று, தோள் ஒன்று

பெங்களூர் ஜே.பி. நகரில் உள்ள ரங்க சங்கராவில் நாடகம் தொடங்கிய பிறகு வருபவர்களை உள்ளே விடமாட்டார்கள். அதற்காகவே நண்பர் நாலு முறை போன் செய்தார். இருபது வருடப் பழக்கத்தில் அவர் நடித்து நான் ஒரு நாடகம்கூடப் பார்த்ததில்லை.

நாங்கள் ஒரே வங்கியில் சேர்ந்தவர்கள். பதவி உயர்வு வந்தால் மாற்றல் வரும். மாற்றலானால் ஒத்திகை போய்விடும். அவர் இரண்டு முறை பதவி உயர்வு வேண்டாமென்று எழுதிக் கொடுத்தார். "பொண்ணோட காலேஜ் ஃபீஸை நாடகமா கட்டும்?" என்று திட்டியவன் நான். அவர் பதில் சொல்லவில்லை. அழைப்பதையும் நிறுத்தவில்லை. நான் நாலு ஊர் சுற்றிவிட்டு, அவர் இருக்கும் கிளைக்கே மேலாளராகத் திரும்பினேன்.

நாடகம் 'ஹயவதனா'. கிரீஷ் கர்னாட் 1971-ல் கன்னடத்தில் எழுதியது. அவரும் சென்னையில் ஒரு பதிப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டே மெட்ராஸ் பிளேயர்ஸ் குழுவோடு நாடகம் போட்டவர்தான். 1970-ல் வேலையை விட்டார். என் நண்பரால் அது முடியவில்லை.

கதை நமக்குப் புதிதல்ல. விக்ரமாதித்தனிடம் வேதாளம் போட்ட புதிர். காளி கோயிலில் இரண்டு நண்பர்கள் தலையை வெட்டிக்கொள்கிறார்கள். காளி இரங்கியதும், பத்மினி பதற்றத்தில் தலைகளை மாற்றி வைத்துவிடுகிறாள். படிப்பாளி தேவதத்தனின் தலைக்குப் பலசாலி கபிலனின் உடல். இனி கணவன் யார்? தலை யாருடையதோ அவனே என்பது பழைய தீர்ப்பு. கர்னாட் அதோடு விடவில்லை.

நண்பருக்குக் கபிலன் வேடம். ஐம்பதைத் தாண்டிய, லேசாகத் தொப்பை விழுந்த மல்லன்! போதாததற்கு முகமூடி வேறு. முதல் அரை மணி நேரம் நான் நாடகத்தைப் பார்க்கவே இல்லை. எங்கே வசனத்தை மறந்துவிடுவாரோ என்று வயிற்றைக் கலக்கியது. பக்கத்து இருக்கைக்காரர் கொட்டாவி விட்டபோது கோபம் வந்தது.

தலைகள் மாறியதை முகமூடிகளை மாற்றிக் காட்டுகிறார்கள். இப்போது நண்பரின் உடலில் தேவதத்தன் தலை. நாளாக ஆக, தலை உடலைத் தன் வழிக்கு இழுக்கிறது. மல்லனின் உடல் ஏடு புரட்டும் உடலாகத் தளர்கிறது. நண்பர் பெரிதாக எதுவும் செய்யவில்லை. தோள் இறங்கியது, நடை சுருங்கியது. அவ்வளவுதான்.

அந்தத் தோளை எனக்குத் தெரியும். காலையில் கேஷ் கவுண்டரில் உட்காரும்போது இப்படித்தான் இறங்கும். சாயங்காலம் ஒத்திகைக்குக் கிளம்பும்போது நிமிரும். தினமும் பார்த்தும் எனக்கு உறைத்ததில்லை. அதற்குப் பிறகு வசனம் மறக்குமோ என்ற பயம் எனக்கு வரவில்லை.

முடிந்ததும் வெளியே வந்தார், சட்டையெல்லாம் வேர்வை. "எப்படிப்பா இருந்தது?"

பாராட்ட நாலு வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். "அந்தத் தோள்..." என்று மட்டும்தான் வந்தது.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். "அடுத்த மாசம் மைசூர்ல போடறோம். ரெண்டு நாள் லீவு வேணும், மேனேஜர் சார்."

ஒரு நாள் போதாதா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"எழுதிக் கொடு" என்றேன்.