தாத்தாவுக்குத் தாத்தா யார்? அரசுப் பதிவேடுகளில் தேடலாம் வாங்க!

உங்கள் தாத்தாவின் அப்பா பெயர் என்ன? பலர் யோசிக்காமல் சொல்லி விடுவார்கள். அவருடைய அப்பா பெயர்? இங்கே பாதிப் பேர் நின்று விடுவார்கள். அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பாட்டியின் பெயர் என்ன, அவர் எந்த ஊர்க்காரர் என்று கேட்டால் அநேகமாக யாருக்கும் தெரியாது.

மன்னர்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது. கிராமத்துக் குடும்பத்துக்கு என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். நிலவரி வாங்க, பத்திரம் பதிய, ஓட்டுப் போட, பிறப்பு இறப்பைக் குறிக்க என்று அரசாங்கம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நம் முன்னோர் பெயரை எழுதி வைத்திருக்கிறது. அதில் ஒரு பகுதி இப்போது உங்கள் கம்ப்யூட்டருக்கே வருகிறது. மீதிக்கு எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதையும் பார்த்து விடுவோம்.

முதல் வேலை வீட்டில்தான்

இன்டர்நெட்டைத் திறப்பதற்கு முன் பரணைத் திறங்கள். பழைய பத்திரம், கிஸ்தி ரசீது, ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, ஜாதகம் எல்லாவற்றையும் எடுத்து 300 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனர் இல்லை என்றால் மொபைலில் வெயில் படாத வெளிச்சத்தில் படம் எடுத்தாலும் போதும். பைலுக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, ஆவண வகை, ஊர் என்ற வரிசையில் வையுங்கள். '1956-கிரயம்-ஊர்ப்பெயர்' என்று இருந்தால் போல்டரைத் திறந்தவுடன் எல்லாம் கால வரிசையில் நிற்கும்.

அடுத்து, வீட்டில் உள்ள மூத்தவர்களிடம் பேசி மொபைலில் பதிவு செய்யுங்கள். இதைத் தள்ளிப் போடாதீர்கள். பதிவேடு அடுத்த வருடமும் அலுவலகத்தில் இருக்கும். பெரியம்மாவின் ஞாபகம் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. பெயர்களோடு பட்டப் பெயர், நிலத்தின் பெயர் (கிணற்றடிக் காடு, மேலக் கொல்லை), குலதெய்வம் இருக்கும் ஊர் ஆகியவற்றையும் கேட்டுக் கொள்ளுங்கள். குடும்பம் முன்பு எங்கிருந்து வந்தது என்பதற்குக் குலதெய்வக் கோயில் பல நேரங்களில் நல்ல துப்பு.

பட்டாவும் அ-பதிவேடும்

தமிழ்நாடு அரசின் வருவாய்த் துறை இ-சேவைகள் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் ஆகியவற்றைத் தேர்வு செய்து, பட்டா எண் அல்லது புல எண் கொடுத்தால் பட்டாதாரரின் பெயரும் அவருடைய தந்தை அல்லது கணவர் பெயரும் வரும். ஒரே வரியில் இரண்டு தலைமுறை கிடைத்து விட்டது! கூட்டுப் பட்டாவாக இருந்தால் அண்ணன் தம்பிகள், பங்காளிகள் பெயரும் சேர்ந்து வரும். அ-பதிவேடு என்ற பகுதியில் அந்தப் புல எண் நன்செய்யா, புன்செய்யா, பரப்பு எவ்வளவு, தீர்வை எவ்வளவு என்று பார்க்கலாம்.

ஆனால் திரையில் தெரிவது மிகப் பழைய கணக்கு அல்ல. தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை யு.டி.ஆர். என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. இப்போதைய கணக்குக்கு அதுதான் அடிப்படை. அப்போது பல நிலங்களுக்குப் பட்டா எண் மாறியது. புல எண்ணும் உட்பிரிவும் மாறியது உண்டு. அதற்கு முந்தைய காலத்துக்குப் போக, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிடும் பதிவேட்டையும், செட்டில்மென்ட் கால 'அ' பதிவேட்டையும் பார்க்க வேண்டும். இவற்றைத் தாலுகா அலுவலகத்திலும் மாவட்டப் பதிவறையிலும் கேட்க வேண்டும். வாய்மொழியாகக் கேட்டு நகல் கிடைக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் (2005) இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போடலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

1980-ம் ஆண்டு நவம்பர் வரை கிராமக் கணக்கை எழுதியவர்கள் பரம்பரைக் கர்ணமும் மணியக்காரரும். அந்தப் பதவிகள் அப்போது ஒழிக்கப்பட்டு, பிறகு கிராம நிர்வாக அலுவலர் வந்தார். உங்கள் ஊரில் பழைய கர்ணம் வீட்டார் இருந்தால் அவர்களிடமும் பேசிப் பாருங்கள். நிலம் யாருடையதாக இருந்தது, எப்படிக் கை மாறியது என்று கதை கதையாகச் சொல்வார்கள்.

உங்கள் முன்னோருக்கு இனாம் நிலம் இருந்ததாகப் பேச்சு உண்டா? 1858-ல் அமைக்கப்பட்ட இனாம் கமிஷன், ஒவ்வொரு இனாமையும் விசாரித்து எழுதிய பதிவேடுகள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. யாருக்கு, எதற்காக, யார் கொடுத்தது, அப்போது அனுபவித்து வந்தவர் யார் என்ற விவரம் இவற்றில் இருக்கும்.

வில்லங்கச் சான்றில் ஒளிந்திருக்கும் வம்சம்

வில்லங்கச் சான்று என்றால் நிலம் வாங்குபவர்தான் பார்ப்பார் என்று நினைக்கிறோம். வம்சம் தேடுபவருக்கும் இது புதையல். பதிவுத் துறையின் இணையதளத்தில் சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், புல எண், காலம் கொடுத்துத் தேடலாம். பல அலுவலகங்களுக்கு 1975 முதல் விவரம் ஆன்லைனில் வருகிறது. எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், ஆவணத்தின் தன்மை, ஆவண எண் ஆகியவை வரிசையாக நிற்கும்.

இதில் 'முந்தைய ஆவண எண்' என்று ஒரு கட்டம் உண்டு. அதைப் பிடித்துக் கொள்ளுங்கள். 1982 பத்திரம் 1961 பத்திரத்தைக் காட்டும். 1961 பத்திரம் 1938 பத்திரத்தைக் காட்டும். கம்ப்யூட்டரில் வராத காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடுதல் கட்டணம் கட்டி, கையால் எழுதிய பதிவேட்டில் தேடி நகல் வாங்கலாம்.

பத்திரங்களில் வம்சத்துக்கு மிகவும் உதவுவது பாகப்பிரிவினைப் பத்திரம். குடும்பத்தில் யார் யார், யாருக்கு எந்தப் பங்கு, சொத்து யார் வழியில் வந்தது என்று முன்னுரையிலேயே எழுதி விடுவார்கள். அடுத்தது விடுதலைப் பத்திரம்.

ஏன் விடுதலைப் பத்திரம்? பழைய பட்டாவில் பெண்கள் பெயர் அபூர்வம். 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. 1989-ல் தமிழ்நாடு செய்த திருத்தம் மகளுக்கும் மூதாதையர் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை கொடுத்தது. 2005-ல் அது நாடு முழுவதற்கும் வந்தது. உரிமை வந்த பிறகுதான் அக்கா தங்கைகளிடம் கையெழுத்து வாங்க வேண்டிய தேவையும் வந்தது. அந்தப் பத்திரத்தில் அத்தைகளின் பெயர், கணவர் பெயர், புகுந்த ஊர் எல்லாம் இருக்கும். பங்கை விட்டுக் கொடுத்த நாளில்தான் பல பெண்களின் பெயர் முதன்முதலாகப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. தேடும்போது இதையும் மனதில் வையுங்கள்.

வாக்காளர் பட்டியல்

தேர்தல் ஆணையம் 2025-ல் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் செய்தபோது, ஒப்பிடுவதற்காகப் பழைய பட்டியலை இணையத்தில் வெளியிட்டது. 2002-ம் ஆண்டுப் பட்டியல், சில தொகுதிகளுக்கு 2005-ம் ஆண்டுப் பட்டியல். வீட்டு எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, பால் எல்லாம் உண்டு. 2002-ல் 78 வயது என்றால் பிறந்தது சுமார் 1924. அவருடைய தந்தை பெயரும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆக 1900-ஐ ஒட்டிப் பிறந்த ஒருவரின் பெயர் வரை வந்து விட்டோம்!

இதுபோன்ற பி.டி.எப். பைல்களில் 'பைண்ட்' கொடுத்தால் தமிழ்ப் பெயர் அகப்படாமல் போகலாம். பைல் படமாக இருக்கும். அல்லது யூனிகோடுக்கு முந்தைய பான்டில் அடித்திருப்பார்கள். பாகம் எண்ணைக் கண்டுபிடித்து, பக்கம் பக்கமாகக் கண்ணால் பார்ப்பதே வழி. வயதை அப்படியே நம்ப வேண்டாம். 60, 65, 70 என்று முழு எண்ணாகச் சொல்வது நம் ஊர் வழக்கம்.

மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் தேடலாமே என்று தோன்றும். அமெரிக்கா 72 ஆண்டுகள் கழித்துத் தனிநபர் விவரங்களை வெளியிடுகிறது. 1950-ம் ஆண்டுக் கணக்கு 2022-ல் வெளியானது. இந்தியாவில் 1948-ம் ஆண்டுச் சட்டப்படி தனிநபர் விவரம் ரகசியம். எண்ணிக்கை கிடைக்கும், பெயர் கிடைக்காது.

நிலமே இல்லாத குடும்பம் என்றால்?

இதுவரை சொன்னதில் பாதி, நிலம் இருந்தவர்களுக்கே பொருந்தும். மற்றவர் வயலில் தலைமுறை தலைமுறையாக உழைத்த குடும்பத்துக்குப் பட்டாவும் இல்லை, பத்திரமும் இல்லை. அவர்கள் பெயர் வேறு இடங்களில் இருக்கிறது.

* பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு: தந்தை பெயர், ஊர், பிறந்த தேதி இருக்கும். ஊர்ப் பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள்.

* பிறப்பு இறப்புப் பதிவேடு: 1969-ம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்பும் கிராமங்களில் எழுதினார்கள். பழைய பதிவுகளில் குழந்தையின் பெயர் இல்லாமல் 'ஆண்', 'பெண்' என்று மட்டும் இருப்பது சகஜம். பெற்றோர் பெயரை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

* தேவாலயப் பதிவேடு: குடும்பம் கிறிஸ்தவம் தழுவியிருந்தால் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவை தனித்தனிப் பதிவேடுகளில் இருக்கும்.

* பஞ்சமி நிலம்: செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் அறிக்கையை அடுத்து 1892 முதல் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு அரசு நிலம் ஒதுக்கப்பட்டது. இன்று வேறு ஒருவர் கையில் இருக்கும் நிலத்தின் பழைய கணக்கில் உங்கள் முன்னோர் பெயர் இருக்கலாம்.

* கப்பல் பட்டியல்: 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து கூலித் தொழிலாளர்களுடன் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்கு ஆட்கள் போனார்கள். அந்தப் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் வரை எழுதியிருக்கிறார்கள். மொரீஷியஸ் போனவர்களின் ஆவணங்கள் அங்குள்ள மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டில் இருக்கின்றன. 'ஒரு தாத்தா கப்பலேறிப் போனார், திரும்பவே இல்லை' என்ற பேச்சு உங்கள் வீட்டில் இருந்தால் இங்கே தேடுங்கள்.

* போர் கல்லறைகள்: இரண்டு உலகப் போர்களிலும் இறந்த இந்தியச் சிப்பாய்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். பல பதிவுகளில் தந்தை பெயரும் ஊரும் உண்டு. ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். நான்கைந்து ஸ்பெல்லிங்கில் தேடிப் பாருங்கள்.

பசலியும் பிரபவ வருஷமும்

பழைய கணக்கில் பசலி ஆண்டு இருக்கும். அதோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு. பசலி 1434 என்றால் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை. எக்செல்லில் ஒரு பார்முலா போட்டு விட்டால் முழுப் பட்டியலும் ஒரே நொடியில் மாறி விடும்.

தமிழ் வருஷப் பெயர் 60 ஆண்டுக்கு ஒரு முறை திரும்ப வரும். பிரபவ என்றால் 1867, 1927, 1987 மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். முத்திரைத்தாளில் உள்ள அரசர் படத்தையும் ரூபாய் அணா கணக்கையும் பார்த்தால் எது என்று தெரிந்து விடும். இன்னொரு பெரிய குழப்பம் பெயர். பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது நம் வழக்கம். முத்து மகன் வேலன், வேலன் மகன் முத்து, அந்த முத்துவின் மகன் மறுபடியும் வேலன்! ஆண்டையும் புல எண்ணையும் சேர்த்துக் குறிக்காவிட்டால் இரண்டு ஆட்கள் ஒருவராகி விடுவார்கள்.

எந்த சாப்ட்வேர்?

முதலில் எக்செல் போதும். ஆளுக்கு ஓர் எண், பெயர், தந்தை எண், தாய் எண், ஊர், ஆண்டு, ஆதாரம் என்று பத்திகள் போடுங்கள். ஆதாரம் என்ற பத்தியைக் காலியாக விடக் கூடாது. 'பாட்டி சொன்னது' என்றாலும் அதையே எழுதுங்கள்.

ஐம்பது பேரைத் தாண்டியதும் கிராம்ப்ஸ் என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேருக்கு மாறலாம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும். குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் சாதிப் பெயரைப் போட்டு நிரப்ப வேண்டியதில்லை. தந்தை பெயரைக் கொடுத்து, அது தந்தை வழிப் பெயர் என்று குறிக்கும் வசதி உண்டு. தமிழில் யூனிகோடிலேயே டைப் செய்யுங்கள். ஜெட்காம் என்ற பொது வடிவத்தில் சேமித்தால் எந்த வம்சாவளி சாப்ட்வேரிலும் திறக்கலாம். ஒரு காப்பி பென் டிரைவிலும் இருக்கட்டும்.

இரண்டு எச்சரிக்கைகள்

உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி, ஆதார் எண் போன்றவற்றை இணையத்தில் ஏற்றாதீர்கள். மறைந்தவர்களோடு நிறுத்திக் கொள்வது நல்லது. ஸ்கேன் செய்த பத்திரங்களைக் கண்ட கண்ட தளங்களில் போடுவதும் வேண்டாம்.

அடுத்தது, இந்தத் தேடல் சும்மா பொழுதுபோக்கில் முடியாமல் போகலாம். இறந்து முப்பது வருடமான பெரிய தாத்தா பெயரிலேயே பட்டா இன்னும் இருப்பது தெரிய வரும். ஓர் அத்தையின் பெயர் வாரிசுகளில் விடுபட்டிருப்பது தெரிய வரும். நீங்கள் வரைந்த வம்ச மரம் சட்டப்படியான சான்று ஆகாது. வாரிசுச் சான்றிதழ் தாசில்தார் கொடுப்பது. ஆனால் யார் யாரைக் கேட்க வேண்டும் என்று அந்த மரம் சொல்லி விடும். பட்டா மாறுதலுக்கு மனு எழுதும் முன் அந்த அத்தை பிள்ளைகளையும் அழைத்துப் பேசுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு புல எண்ணோடு ஆரம்பியுங்கள். மூன்று தலைமுறை கிடைத்தால் பிரிண்ட் எடுத்து, வீட்டில் மூத்தவரிடம் காட்டுங்கள். நீங்கள் விட்ட பெயரை அவர் பேனாவால் எழுதிச் சேர்ப்பார்.