கணனிப் பந்தயத்தில் மழையும் எதிராளியும்

மோட்டார்ப் பந்தயத்தைத் திரையில் நிகழ்த்தும் கணனி விளையாட்டுக்கள் இன்று பலவாகப் பெருகியுள்ளன. அவற்றை வெறும் பொழுதுபோக்கெனக் கருதி ஒதுக்குவோர் உளர். ஆயின் அவற்றுள்ளே பௌதிகவியலும், நியாயம் பற்றியதொரு வினாவும் அடங்கியிருத்தலை நோக்குவார் சிலரே. அவ்வினா மழை பெய்யும்பொழுது தெளிவாகப் புலப்படுகின்றது. ஆதலின் ஈரப் பாதையில் வண்டி ஓடுமாற்றையும், கணனி இயக்கும் எதிராளியின் வலிமையை வகுக்குமாற்றையும் ஈண்டு ஒருங்கே ஆராய்வாம்.

வண்டியை விரைவுபடுத்தல், நிறுத்தல், திருப்பல் ஆகிய மூன்றும் ரயர் நிலத்தைப் பற்றும் பிடியினால் நிகழ்வன. அப்பிடிக்கு எல்லை உண்டு. வளைவிலே வேண்டப்படும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமமானது. எனவே பிடி பாதியாகக் குறையின், காற்றின் அமுக்கத்தை விடுத்து நோக்குமிடத்து, வளைவிற் செல்லத்தக்க வேகம் 100க்கு 71 பங்காகும். நிறுத்துவதற்கு வேண்டிய தூரமோ இருமடங்காகும்.

நீர் ஆழமாகத் தேங்கின் வேறொன்று நிகழும். ரயர் நீரை வெளித்தள்ள இயலாது அதன்மேல் ஏறி மிதக்கும். அப்பொழுது சுக்கானும் பிறேக்கும் பயன்படா. 1960களில் அமெரிக்காவின் நாசா ஆய்வாளர் விமானச் சில்லுகளைக் கொண்டு இதனை ஆராய்ந்து, மிதக்கத் தொடங்கும் வேகம் ரயரின் காற்றமுக்கத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்ததெனக் கண்டனர். அவர்தம் சூத்திரத்தின்படி, சதுர அங்குலத்துக்கு 25 இறாத்தல் அமுக்கமுடைய ரயர் மணிக்கு ஏறக்குறைய 52 மைல் வேகத்தில் மிதக்கத் தொடங்கும். நீர் வெளியேறுதற்குரிய தவாளிப்புக்கள் மழை ரயரில் வெட்டப்படுவது இதனைத் தடுத்தற்பொருட்டேயாம்.

செல்லும் வழியும் மாறுகின்றது. உலர்ந்த நாளில் பாதையிற் படியும் றப்பர் பிடியை மிகுவிக்கும். மழையில் அதுவே வழுக்கும். ஆகவே வல்ல ஓட்டி வழக்கமான தடத்தை விட்டு, வளைவின் வெளிப்புறத்தே பிடியைத் தேடுவான். 1993ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டொனிங்டன் பாதையில் நிகழ்ந்த ஐரோப்பியப் பெரும்பந்தயத்தில், ஐந்தாம் இடத்துக்குப் பின்தள்ளப்பட்ட அயர்ட்டன் செனா முதற் சுற்று முடியுமுன்னரே முதலிடம் எய்தினார். ஈரம் திறமையை வெளிப்படுத்தும் உரைகல் என்பதற்கு இஃது ஒன்றே போதிய சான்றாகும்.

இவ்வியல்புகளை விளையாட்டுக்கள் படிப்படியாகத் தம்முட் கொண்டன. 2015இல் வெளிவந்த ஃபோர்சா மோட்டர்ஸ்போர்ட் 6 பாதையின் குட்டைகளையும் அவற்றில் வண்டி மிதத்தலையும் காட்டிற்று. 2017இன் புறொஜெக்ட் கார்ஸ் 2, நீர் பள்ளங்களிற் சேர்தலையும் பாதை பின்னர் உலர்தலையும் கணித்தது.

ஆயின் மனிதன் ஓட்டும் வண்டிக்கு இவ்வளவு நுட்பமாகப் பெய்யும் மழை, எதிராளியின் வண்டிக்கும் அவ்வாறே பெய்கின்றதா? இருபது வண்டிகளையும் முழு நுட்பத்தோடு கணித்தல் கணனிக்குப் பெருஞ்சுமை. ஆதலால் எதிராளியின் வண்டியைச் சுருங்கிய விதிகளால் இயக்கும் முறை பல விளையாட்டுக்களில் வழங்கியது. வரைந்து வைத்த தடத்தில் அது செல்லும். மழை வந்தால் அதன் வேகம் ஒரு குறித்த விகிதத்தாற் குறைக்கப்படும்.

தவறு இவ்விகிதத்திலேயே தோன்றுகின்றது. உலர்ந்த பாதையில் இருவரும் ஒரு சுற்றை 100 வினாடியில் முடிப்பதாகக் கொள்வோம். மழையில் மனிதனுக்கு 115 வினாடியும் எதிராளிக்கு 108 வினாடியும் ஆகுமாயின், பத்துச் சுற்றில் 70 வினாடி வேறுபாடு உண்டாகும். விகிதம் மறுபுறம் பிழைப்பின் எதிராளி எளிதில் தோற்பான். அன்றியும், முன்செல்லும் வண்டி வாரியிறைக்கும் நீர்த்திவலை மனிதன் கண்ணை மறைக்கும். எண்களால் இடமறியும் எதிராளிக்கோ அத்தகைய மறைப்பு இல்லை.

பின்தங்கியவனை விரைவாக்கியும் முந்தியவனைத் தளர்த்தியும் இடைவெளியைச் சுருக்கும் உபாயம் ஒன்றுண்டு. அது பரபரப்பைத் தரும்; ஆனால் நன்றாக ஓட்டியவனின் உழைப்பை வீணாக்கும். பிறிதொரு வழி, எதிராளியைக் கற்கச் செய்தலாகும். கிரான் துரிஸ்மோ ஸ்போர்ட் என்னும் விளையாட்டிலே தானே ஓடியோடிப் பயின்ற சோஃபி என்ற செயற்கை நுண்ணறிவு, தலைசிறந்த மனித ஓட்டிகளை வென்றமை 2022 பெப்ரவரியில் நேச்சர் ஆய்விதழில் வெளியாயிற்று. வினாடிக்குப் பத்து முறையே முடிவெடுக்குமாறு அதற்கு வரம்பு இடப்பட்டிருந்தமை நோக்கத்தக்கது.

அவ்வரம்பிலே நாம் தேடும் விடை உளது. எதிராளியை வலியனாக்க அவனுக்கு மிகுந்த பிடியை வழங்குதலும், மெலியனாக்க அதனைக் குறைத்தலும் முறையன்று. பிறேக்கை முற்பட அழுத்தல், பார்வை மங்கல், இடையிடையே தவறுதல் ஆகிய மனித இயல்புகளைக் கூட்டியும் குறைத்துமே கடினநிலையை வகுத்தல் வேண்டும். அது கைகூடாவிடத்து, உலர்பாதைக்கும் ஈரப்பாதைக்கும் தனித்தனி அளவு வைத்தலேனும் தகும்.

இது விளையாட்டளவில் நிற்பதன்று. பயில்பவன் தன் தோல்வியினின்றும் பாடம் கற்கின்றான். குட்டையில் தான் வழுக்க, எதிராளி வழுக்காது செல்வதைக் காண்பவன், தன் பிழையைத் திருத்தும் வழியறியாது முயற்சியையே கைவிடுவான். இருவரும் ஒரே மழைக்கு உட்பட்டாலன்றோ, வென்றவன் தன் திறமையையும் தோற்றவன் தன் குறையையும் உண்மையாக அறிதல் கூடும்?