வீட்டுத் தோட்டத்து லில்லிகள் – 5: காந்தள் உறங்கும் காலம்

கார்த்திகை வரை வேலியில் நெருப்பு மூட்டியதுபோல் பூத்திருந்த செங்காந்தள், தை பிறக்கும்போது மஞ்சளடித்துச் சருகாகிவிடும். கொடி பட்டுப்போயிற்று என்று சிலர் தொட்டியைக் கவிழ்த்துவிடுகிறார்கள். மனம் கேளாதவர்கள் தண்ணீரைக் கூட்டி ஊற்றுகிறார்கள். அந்த ஈரத்தில் கிழங்கு அழுகியேவிடும். உண்மையில் அது மண்ணுக்குள் உறங்குகிறது. ஆனி, ஆடியில் முளைவிடும்வரை, மழை படாத மூலையில் தொட்டியைத் தொடாமல் வைத்திருந்தாலே போதும்.

தமிழ்நாட்டின் மாநில மலரான இது, தாவரவியல்படி அசல் லில்லி அல்ல. லிலியம் பேரினத்து வெள்ளை லில்லி நீலகிரி, பழனி மலைகளில் பூக்கிறது. காந்தள் அதற்குத் தூரத்து உறவு. ஆனால் குளிர்நாட்டு லில்லிக் கிழங்குகளைச் சமவெளி வெயிலில் நட்டு ஏமாறுவோருக்கு இதைவிட நல்ல மாற்று கிடையாது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் செல்லும் 99 மலர்களில் முதலில் நிற்பதும் காந்தள்தான்.

கிழங்கு 'வி' வடிவில் இருக்கும்; கலப்பைக் கிழங்கு என்ற பெயர் அதனால் வந்தது. முளைக்கும் கண் அதன் நுனியில்தான் உண்டு. நுனி ஒடிந்தால் கிழங்கு வீண். எனவே வாங்கும்போதே நுனியைப் பார்க்க வேண்டும். 50 கிராமுக்குக் குறையாத கிழங்காக எடுத்து, நீர் தேங்காத மணல் கலந்த மண்ணில், நான்கு விரற்கடை ஆழத்தில் படுக்கவைத்து மூடலாம். விதை போட்டால் பூவைப் பார்க்கச் சில ஆண்டுகள் காத்திருக்க நேரும்.

இந்தக் கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலை நுனியே சுருண்டு எதையாவது பிடித்துக்கொள்ளும். அதனால் தடித்த கம்பத்தைவிட மெல்லிய குச்சியோ கம்பிவலையோ அதற்கு ஏற்றது. பூ பச்சையாகத் தொடங்கி, மஞ்சளாகி, சிவந்து முடியும். ஒரே கொடியில் மூன்று நிறமும் தெரியும் அந்த நாட்களுக்காகவே இதை வளர்க்கலாம். சூல்தண்டு செங்கோணத்தில் மடங்கி மகரந்தத்திலிருந்து விலகி நிற்பதால், விதைக்காகப் பயிரிடும் மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிகள் காலையில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். அங்கே இதன் பெயர் கண்வலிக்கிழங்கு.

அந்த விதைக்கு விலை தருவது கால்ச்சிசின். கவுட் என்னும் மூட்டு நோய்க்கு மருந்தாகும் அதே பொருள், அளவு மீறினால் உயிரைக் குடிக்கும். செடி முழுவதும் விஷம். வேகவைத்தாலும் விஷம் போகாது. உண்ணும் கிழங்கு என்று எண்ணிச் சமைத்துச் சாப்பிட்டவர்கள் இறந்த நிகழ்வுகள் இலங்கையில் பதிவாகியுள்ளன. குழந்தைகளும் நாயும் ஆடும் மண்ணைக் கிளறும் வீட்டில் காந்தள் வேண்டாம். மற்றவர்கள் கையுறை போட்டுக்கொண்டு நட வேண்டும். தோண்டி எடுத்த கிழங்கைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. கொடி காய்ந்து, மண் மட்டும் தெரியும் மாதங்களில் தொட்டிமேல் 'விஷக்கிழங்கு' என்று பெயிண்டால் பெரிதாக எழுதிவைப்பது நல்லது.

(அடுத்த வாரம்: தொட்டியில் அல்லி)