ஆடிய ஸ்டூல் சொன்ன பாடம்!
ஞாயிற்றுக்கிழமை "தச்சர்கள்" மொட்டை மாடியில் பரிமாறும் யோசனைகள்

சென்னை,

திங்கள் முதல் சனி வரை அவர் கையில் பேனா. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கையில் உளி!

பாரிமுனையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறவர் அவர். பெரம்பூர்வாசி. வயது 46. "பேரை மட்டும் போட்டுடாதீங்க சார். கடையில கிண்டல் பண்ணியே கொன்னுடுவாங்க" என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார்.

அவருடைய அம்மாவுக்கு முழங்கால் வலி. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. "நானே ஒரு ஸ்டூல் செஞ்சு தர்றேம்மா" என்று சொல்லிவிட்டு, வால்டாக்ஸ் ரோட்டில் மரம் வாங்கி வந்தார். நாலு ஞாயிறு உழைத்தார். ஸ்டூல் தயார்.

அம்மா ஆசையோடு உட்கார்ந்தார். "டக்" என்று ஒரு பக்கம் சாய்ந்தது ஸ்டூல்! சுவரைப் பிடித்துக்கொண்டதால் அந்தத் தாய் தப்பினார். ஒரே மாதத்தில் மேல் பலகையும் வெடித்தது.

"அன்னிக்கே உளி, ரம்பம் எல்லாத்தையும் மூட்டை கட்டிப் பரண்ல போட்டுட்டேன். இது நமக்கு வர்ற வேலை இல்லேன்னு தோணிடுச்சு" என்றார்.

ஆறு மாதம் கழித்து அந்த மூட்டை கீழே இறங்கியது. எப்படி?

ஒரே ஒரு சட்டம்

அவர் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு மொட்டை மாடி. மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே ஏழெட்டுப் பேர் கூடுகிறார்கள். பேங்க் கிளார்க், மளிகைக் கடைக்காரர், பள்ளி ஆசிரியை, கல்லூரி மாணவர்... யாருக்கும் தச்சு வேலை பிழைப்பு அல்ல. ஆசை, அவ்வளவுதான்! நடுநாயகமாக ஒரு பெரியவர். ரெயில்வே பட்டறையில் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்.

சங்கம் இல்லை. சந்தா இல்லை. ஒரே ஒரு சட்டம் உண்டு. நன்றாக வந்த சாமானைக் கொண்டு வருகிறவர், கெட்டுப்போன சாமானையும் கொண்டு வரவேண்டும்!

"அழகா வந்ததைக் காட்டினா 'பேஷ், பேஷ்'னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. கோணலா வந்ததைக் காட்டினாத்தான் நாலு பேர் வாயைத் திறந்து யோசனை சொல்லுவாங்க" என்கிறார் பெரியவர்.

பக்கத்து வீட்டுக்காரர் வற்புறுத்தியதால் வெடித்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார் நம் கணக்கர். பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "உன் கை மேல தப்பு இல்லே தம்பி. மரம் ஈரம்!"

தராசு சொல்லும் உண்மை

மரம் காயும்போது நீளவாட்டில் அநேகமாகச் சுருங்காது. அகலவாட்டில்தான் சுருங்கும். ஈரப் பலகையை நாலு பக்கமும் பசை போட்டு, ஆணி அடித்து இறுக்கிவிட்டால் அது எங்கே சுருங்கும்? வெடித்துத்தான் தீரும்.

மரம் காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கு வழி சொன்னவர் மளிகைக் கடைக்காரர்!

"நம்ம கடைத் தராசு எதுக்கு இருக்கு அண்ணாச்சி? பலகையை நிறுத்து, எடையைப் பென்சில்ல அது மேலேயே எழுதுங்க. நிழல்ல, காத்து படற இடத்துல வையுங்க. வாராவாரம் நிறுத்துப் பாருங்க. எடை குறைஞ்சுக்கிட்டே வந்தா இன்னும் ஈரம் இருக்கு. குறையறது நின்னுட்டா வேலையை ஆரம்பிங்க."

ஆணி அடிக்கும்போது மரம் பிளக்கிறதா? ஆசிரியை சொன்ன வழி இது. ஆணியை விடச் சன்னமாக முதலில் ஒரு துளை போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு வசதி இல்லையென்றால் ஆணியின் கூர்முனையைச் சுத்தியலால் லேசாகத் தட்டி மழுக்கிவிட்டு அடிக்கலாம். பலகையின் விளிம்புக்கு ரொம்பக் கிட்டத்தில் மட்டும் அடிக்கக்கூடாது.

கூடமும் கோணலாக இருக்கலாம்!

சரி, ஆட்டம்?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஸ்டூல் விஷயத்தில் கூடமும் உண்மையாகவே கோணலாக இருக்கலாம்! அதனால் சமையலறைக் கிரானைட் மேடை மாதிரி மட்டமான இடத்தில் முதலில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அங்கேயும் ஆடினால் பலர் செய்கிற தப்பு, ஒரு காலை அறுப்பது. பிறகு இன்னொரு காலை அறுப்பது. இப்படியே போனால் கடைசியில் ஸ்டூல் மணையாகிவிடும்!

பெரியவர் செய்து காட்டிய முறை இதுதான்: ஆட்டம் நிற்கும் வரை குட்டையான காலுக்கு அடியில் அட்டைத் துண்டுகளைச் செருகுங்கள். ஒரு சின்னப் பலகைத் துண்டின் மேல் பென்சிலைப் படுக்க வைத்து, அந்தப் பலகையை நகர்த்தியபடியே நாலு காலிலும் சுற்றிக் கோடு போடுங்கள். எல்லாக் கோடும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் விழும். கோட்டில் அறுத்தால் ஆட்டம் போச்சு!

"மூணு கால் வெச்சா ஆடவே ஆடாதே?" என்று கேட்டார் மாணவர். கேள்வி நியாயமானது. மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது. பெரியவர் தலையை ஆட்டினார். "ஆடாது, வாஸ்தவம். ஆனா ஓரத்துல சாஞ்சா சட்டுனு கவிழும். வயசானவங்களுக்கு நாலு கால்தான், அதுவும் கொஞ்சம் அகட்டி வெச்ச கால்!"

பசை போட்டு ஒட்டும் இணைப்பு இறுகும் வரை பிடித்துக்கொள்ள விலை உயர்ந்த கிளாம்ப் வேண்டும் என்பதில்லை. சுற்றிலும் கயிறு கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினாலே போதும். இரவு முழுவதும் அப்படியே விட்டுவிட வேண்டும்.

பழக என்ன மரம்? தேக்கு வேண்டாம். சரக்கு வந்து இறங்கும் பெட்டி, பலகை மரமே போதும். கப்பலில் வரும் பலகைகளில் முத்திரை இருக்கும். அதில் "எச்.டி." என்ற எழுத்து இருந்தால் மரத்தை உள்வரை 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் சூடாக்கிப் பூச்சி போக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். "எம்.பி." என்றிருந்தால் விஷப்புகை போட்டது. அது வேண்டாம்.

மூன்று தையல்

பேங்க் கிளார்க் இடது கையை நீட்டினார். உள்ளங்கையில் மூன்று தையல் போட்ட வடு! "உளி மழுங்கிடுச்சு. அழுத்தினேன். வழுக்கிடுச்சு" என்றார்.

கூரான உளியை விட மழுங்கிய உளிதான் ஆபத்து. அழுத்த வேண்டியிருப்பதால் வழுக்கும். வேலைக்கு உட்காரும் முன் சாணைக்கல்லில் தீட்டுங்கள். மரத்தைக் கையில் பிடிக்காமல் இறுக்கிக் கட்டுங்கள். இரண்டு கையும் உளி முனைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும்.

மின்சாரக் கருவி வைத்திருப்பவர்கள் பிளேடு மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடைப் பூட்டவே கூடாது.

மரத்தூளும் சாதாரணமானது அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 1995-ல் அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. உப்புத்தாள் தேய்க்கும்போது கைக்குட்டை போதாது. நல்ல முகமூடி அவசியம்.

பரணில் இருந்து இறங்கிய மூட்டை

நம் கணக்கர் இரண்டாவது ஸ்டூலை மூன்று மாதம் எடுத்துச் செய்தார். பதறாத காரியம் சிதறாது அல்லவா! முதலில் அவரே உட்கார்ந்து பார்த்தார். மனைவியை உட்காரச் சொன்னார். அதன் பிறகுதான் அம்மாவைக் கூப்பிட்டார்.

"அம்மா ஒண்ணும் சொல்லலே சார். உக்காந்து முருங்கைக்கீரை ஆய ஆரம்பிச்சுட்டாங்க. சுவத்தைப் பிடிக்கலே. அது போதும் எனக்கு."

அந்தப் பழைய ஸ்டூல்? அடுப்புக்குப் போகவில்லை. மொட்டை மாடியில் ஒரு மூலையில் இருக்கிறது. புதிதாக யாராவது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தால், கணக்கர் அதைத் தூக்கி வந்து அவர் எதிரில் வைக்கிறார்.

"இது நான் செஞ்சது. ஆட்டிப் பாருங்க!"